பாக்கியம் அக்கா சொன்ன இடம்

1

போன மாதம் குடியுரிமை நேர்முகத்துக்குப் போய் வந்தேன். ஈப்போவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இன்னும் என் சட்டைப் பையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை, என்னைப் போல வந்து தங்கிவிட்டவர்களுக்குச் சிவப்பு. இது எனக்கு மூன்றாவது நேர்முகம். முதல் தடவை அதிகாரி, இந்த நாட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறாய் என்று மலாயில் கேட்டார். "பெராப்பா" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. சந்தையில் விலை கேட்க நான் பழகியிருந்த சொல் அது. பஸ் கட்டணத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "அறுபது காசு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பை மூடினார்.

இந்தத் தடவை என் மகள் மலர் ஒரு வாரம் எனக்குப் பாடம் எடுத்தாள். பதின்மூன்று வயது. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். "அப்பா, இவ்ளோ அழுத்திப் பேசாதீங்க லா, சண்டை போடற மாரி இருக்கு" என்று என் நாக்கைத் திருத்தினாள். அந்த 'லா' இங்கே எல்லாரும் பேச்சின் கடைசியில் ஒட்டுவது. நான் ஊருக்கு எழுதும் கடிதங்களை அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். பாதியில் வைத்துவிட்டு, "நீங்களே சொல்லிருங்க" என்பாள்.

அதிகாரி வரிசையாகக் கேட்டார். மாநிலங்களின் பெயர், தொழில், மனைவியின் தொழில். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, ஏதாவது போலீஸ் வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா என்றார். இல்லை என்றேன். காகிதப்படி அது உண்மை. முத்திரை குத்தினார்.

படி இறங்கி வந்து எதிர்ச் சாரியில் இருந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒரு தேநீர் சொன்னேன். அது ஆறி ஆடை கட்டும்வரை குடிக்க முடியவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியதெல்லாம் தினமும் பெய்யும் மழையைப் பற்றியும் டுரியான் பழத்தின் நாற்றத்தைப் பற்றியும்தான். இதை எழுதியதில்லை.

2

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் புரண்டு வளர்ந்தவன் நான். அந்த மணலுக்குள் தோரியம் இருக்கிறது என்பது நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். ஆய்வகத்தில் பேராசிரியர் ஒரு சிரட்டை மணலைக் கருவியின் முன்னால் வைத்தார். கருவி படபடவென்று தட்ட ஆரம்பித்தது. "நீ விளையாடின மணலாக்கும் இது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை என்னை இந்தப் படிப்புக்குள் கொண்டுபோய்விட்டது.

என் மனைவி எஸ்தர் முதலில் நர்ஸ் வேலைக்கு ஈப்போ வந்தாள். ஓராண்டு கழித்து நானும் வந்து, இங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். வந்த புதிதில் இங்கத்தைய தமிழே எனக்குப் புரியவில்லை. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் ஏதோ என்னைப் பட்டினிக்காரன் என்று நினைத்துக் கேட்கிறார்கள் என்று முகம் சுருங்கும். காலைச் சிற்றுண்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எஸ்தர் விளக்கினாள். சாலையைச் சடக்கு என்பார்கள்.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் மணலுக்கு அமாங் என்று பெயர். அதுவும் கறுப்பு, அதுவும் கனம். ஒரு புட்டியில் கொண்டுவந்து கல்லூரிக் கருவியின் முன்னால் வைத்தேன். நம்மூர் மணல் காட்டிய அதே கோலத்தைத் திரையில் காட்டியது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னால் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதிர் வீசும் ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய வலிமையில் காமாக் கதிர்களை விடுகிறது. கருவியின் முகப்பில் ஒரு படிகம் இருக்கும். கதிர் பட்டால் அது மினுக்கும். கதிரின் வலிமை கூடினால் மினுக்கமும் கூடும். அந்த மினுக்கங்களை வலிமைவாரியாக எண்ணி, ஒரு பச்சைத் திரையில் புள்ளிகளாகக் கருவி அடுக்கும். புள்ளிகள் சேர்ந்து குன்றுகளாக எழும். எந்தக் குன்று அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பொருளின் பெயரைச் சொல்லிவிடலாம். சீசியத்துக்கு அறுநூற்று அறுபத்திரண்டில் ஒரே ஒரு பெரிய குன்று. தோரிய மணலுக்குப் பல குன்றுகள். மாணவர்களுக்கு இதைத்தான் வருடம்தோறும் சொல்லிக் கொடுத்தேன்.

3

பாக்கியம் அக்காவைப் பற்றி எஸ்தர் சொல்லித்தான் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஈய விலை விழுந்து சுரங்கங்கள் மூடப்பட்ட மறுவருடம் அது. செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தை வீட்டு மனைகளுக்காக விற்றிருந்தார்கள். மரங்களைச் சாய்த்தாகிவிட்டது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் பெரும்பாலும் காலி. வேறு போக்கிடம் இல்லாத நாலைந்து குடும்பங்கள் மட்டும், குழாயில் இன்னும் தண்ணீர் வருகிறதே என்று அங்கேயே இருந்தன. அவற்றில் ஒன்று ராமையாவும் பாக்கியமும். இருவரும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். தோட்டம் போனபின் ராமையா ஒரு மூடிய ஈயச் சுரங்கத்துக்குக் காவல்காரரானார். பாக்கியம் ஜெலாப்பாங் தொழிற்பேட்டைச் சாலையோரங்களில் ஒரு குத்தகைக்காரரிடம் புல் வெட்டினார். பிள்ளைகள் இல்லை.

முதலில் ஓயாத வாந்தி என்று மருத்துவமனைக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு போனார். பத்து நாளில் திரும்பி வந்தபோது வலது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது.

"சுடுதண்ணி பட்டிச்சா?" என்று எஸ்தர் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் படல மிஸ்ஸி. தானா வந்திச்சு." இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்.

இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்திருந்த ஒரு மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு, இது கதிர்ப் புண் மாதிரி இருக்கிறதே என்றார். பாக்கியம் அக்காவின் உடம்பில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று கருவி காட்டியது. அப்படியென்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது. தலைநகரிலிருந்து ஆட்கள் வர நாலு நாளாகும் என்றார்கள். அப்போது எஸ்தர் என் பெயரைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை. கல்லூரியில் இருந்த, கதிரின் அளவை முள்ளால் காட்டும் கைக்கருவி, இடுக்கி, ஈயத்தால் செய்த கனத்த குடுவை எல்லாவற்றையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். லயத்துக்கு நூறு அடி இருக்கும்போதே கருவியின் முள் எழும்பியது. எல்லாரையும் பின்னால் நிற்கச் சொன்னேன். வீட்டுக்குப் பின்புறம் துணி துவைக்கும் கல்லுக்கு மேலே ஒரு பலகை. அதில் சோப்புக் கட்டிக்குப் பக்கத்தில் அது இருந்தது. அரை விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனையில் முறுக்குக் கம்பியின் சிறு துண்டு. இடுக்கியை ஒரு மூங்கிலில் கட்டி, எட்ட நின்று எடுத்துக் குடுவைக்குள் போட்டேன். அரை நிமிடம் ஆகியிருக்கும். என் பனியன் முழுக்க நனைந்துவிட்டது.

தூரத்திலிருந்து ராமையா கத்தினார். "கதவுக் கொக்கிக்கு ஆவும்னு வெச்சிருக்கு சார். அவ கொண்டாந்தது."

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நல்ல மனிதர். என்னைத் தனியாக அழைத்து ஆங்கிலத்தில் சொன்னார். ராமையா காவல் பார்க்கும் சுரங்கத்தில் ஒரு கருவி காணாமல் போயிருக்கிறதாம். குழாய்க்குள் ஓடும் சேற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி. அதற்குள் சீசியம் இருந்ததாம். "இது சீசியம்தானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

4

சீசியம்தானா என்று பார்க்கத்தான் நான் உட்கார்ந்தேன். இது என்ன என்று பார்க்க உட்காரவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அன்று எனக்கு உறைக்கவில்லை.

கல்லூரியில் ஆள் நடமாட்டம் இல்லை. குடுவையை ஆய்வகத்தின் பின்கட்டில் வைத்து, எட்டத்தில் படிகத்தை நிறுத்திக் கருவியை ஓடவிட்டேன். வழக்கமாக அளப்பதற்கு முன்னால், தெரிந்த பொருள் ஒன்றை வைத்து அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் மாணவர்களுக்காகப் பார்த்திருந்தேன், போதும் என்று விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு குன்று எழுந்தது. அறுநூற்று அறுபதை ஒட்டி நின்றது. அதற்கு இடப்பக்கம் இன்னொரு மேடு. சீசியத்தை அளந்தால் பெரிய குன்றுக்கு இடப்பக்கம் ஒரு சரிவு எப்போதும் வரும். இது அந்தச் சரிவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

"சீசியம்" என்றேன்.

ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பொருள் சீசியம், அடர்த்தி அளக்கும் கருவியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று. நிலையத்தில் அதை மலாயில் தட்டச்சு செய்தார்கள். "இருக்கலாம்" என்பதற்கான "முங்கின்" என்ற ஒரு சொல் அதில் விடுபட்டிருந்தது. என் மலாய் அறிவுக்கு அது கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டேன். பிறகு பல நாள் அந்த ஒரு சொல்லின் மேல் பழியைப் போடப் பார்த்தேன். அந்தச் சொல் இருந்திருந்தாலும் நடந்ததுதான் நடந்திருக்கும்.

அன்று மாலையே ராமையாவைப் பிடித்தார்கள். கருவியைத் திருடி உடைத்து, சீசியத்தைச் சுற்றியிருந்த ஈயத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார் என்பது சந்தேகம்.

5

மூன்றாம் நாள் எஸ்தர் என்னைப் பாக்கியம் அக்காவிடம் அழைத்துப் போனாள். தனி அறை. முடி உதிர ஆரம்பித்திருந்தது. தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் உழைத்த திடமான கைகள் போர்வைக்கு வெளியே கிடந்தன.

"சார், நீங்கதானே அந்தச் சாமான எடுத்துட்டுப் போனது?"

"ஆமா அக்கா."

"எங்க வீட்டுக்காரர புடிச்சி வெச்சிருக்காங்க. சொரங்கத்துலருந்து தூக்கிட்டு வந்துட்டார்னு சொல்றாங்க. அது ஜெலாப்பாங்ல சடக்கோரம் கெடந்துச்சு சார். பைப்பு போடுறாங்கல்ல, அங்க. புல்லு வெட்டுறப்போ நாந்தான் எடுத்தேன். மடியில சொருகிட்டு பூரா நாளும் வேல செஞ்சேன்."

"அக்கா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு மிஷின்ல பாத்தாச்சு. அது சுரங்கத்துச் சாமான்தான்."

அவர் தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மிஷினு பொய் சொல்லாதா சார்?"

"சொல்லாது அக்கா."

"அப்ப நான் சொல்றேனா?"

புருஷனைக் காப்பாற்றத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தாழ்வாரத்தில் எஸ்தர் என்னை நிறுத்தினாள். "அந்த அக்கா பொய் சொல்லுக ஆளு இல்ல, கேட்டியளா. வச்சிருந்த எடத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுகாவ. புண்ணும் அதே எடத்துலதான இருக்கு?"

"மடியில வச்சிருந்தது நெசமா இருக்கும். எங்கேருந்து எடுத்தாவங்கியதுதான் பிரச்சினை. அத போலீஸ் பாத்துக்கிடும்."

"நீங்க பாத்தியளா?"

"நான் பாத்தாச்சு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அதன்பிறகு நாலைந்து நாள் வீட்டில் நாங்கள் அதைப் பேசவில்லை. மலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய் வானொலியில் மலாய்ப் பாட்டு வைத்துக்கொண்டாள்.

6

பாக்கியம் அக்காவின் நிலை மோசமானபோது ராமையாவை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கைவிலங்கோடு. எஸ்தர் அந்தப் போலீஸ்காரரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் விலங்கைக் கழற்ற முடியாது என்று சொல்லி, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாராம். கால் மணி நேரம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எஸ்தருக்குத் தெரியாது. அவள் வெளியே நின்றாள்.

அளந்ததிலிருந்து பதின்மூன்றாம் நாள் காலையில் பாக்கியம் அக்கா இறந்தார். மறுநாள்தான் ராமையா ஜாமீனில் வந்தார். அவரோடு லயத்து ஆட்கள் பத்துப் பேரும் எஸ்தரும் நானும் சுடுகாட்டுக்குப் போனோம். நான் கடைசியில் நின்றேன். மனம் கனத்திருந்தது உண்மை. ஆனால் அப்போதும் நான் எந்தத் தப்பும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாவப்பட்ட ஒரு மனிதன் வறுமையில் எதையோ எடுத்திருக்கிறான், அவன் மனைவி அதற்குப் பலியாகிவிட்டாள் என்றுதான் என் மனத்தில் கதை ஓடியது. நம்மூருக்கு ஒரு கடிதம்கூட அப்படி எழுத ஆரம்பித்தேன். நல்லவேளை, முடிக்கவில்லை.

7

நாலு நாளில் வருவதாகச் சொன்ன தலைநகர் ஆட்கள் வரவில்லை; அந்தக் குடுவை கல்லூரிப் பின்கட்டிலேயே கிடந்தது. இதற்குப் பொறுப்பு எந்த இலாகா என்று இரண்டு அலுவலகங்களுக்கு இடையே கடிதம் போய்க்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காக நான் தினமும் குடுவைக்கு வெளியே கசியும் கதிரை ஒரே இடத்தில் நின்று அந்தக் கைக்கருவியால் அளந்து குறித்துவைத்தேன். முதல் நாள் முள் நாற்பதில் நின்றது. இருபத்து நாலாம் நாள் முப்பத்திரண்டில் நின்றது.

பேட்டரி இறங்கியிருக்கும் என்று மாற்றினேன். முப்பத்திரண்டுதான். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று எஸ்தர் பிறகு சொன்னாள். சீசியத்தின் வலிமை பாதியாகக் குறைய முப்பது ஆண்டுகள் பிடிக்கும். மூன்று வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கல்லூரிக்குப் போனேன். இந்தத் தடவை முதலில் அமாங் புட்டியை வைத்தேன். அந்த மணலின் குன்றுகள் நிற்கும் இடம் இருபது வயதிலிருந்து எனக்கு மனப்பாடம். ஐந்நூற்று எண்பத்து மூன்றில் நிற்க வேண்டியது அறுநூற்று முப்பதுக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாக் குன்றுகளும் வலப்பக்கம் தள்ளி நின்றன. கொஞ்ச நேரத்தில் காரணமும் புரிந்தது. மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி பழுதாகிப் பல வாரங்களாக இல்லை. வார நாட்களில் பட்டறை இயந்திரங்கள் ஓடும்போது மின்னழுத்தம் ஒரு நிலையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றிருக்கும்போது அது ஏறிவிடும். அழுத்தம் சிறிது ஏறினால் போதும், அளவுகோல் முழுவதும் நகர்ந்துவிடும்.

அளவுகோலைத் திருத்திவிட்டு அந்தப் பொருளை மறுபடி அளந்தேன். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். சீசியத்தின் இடத்தில் எதுவும் இல்லை. அறுநூற்றைத் தாண்டியதும் ஒரு குன்று. நானூற்று அறுபத்தெட்டில், நான் சரிவு என்று தள்ளிவிட்ட இடத்தில், முழுதாக இன்னொரு குன்று. முந்நூற்றுப் பத்தை ஒட்டி ஈயம் பெரும்பாலும் விழுங்கிவிட்ட ஒரு சின்ன மேடு. அட்டவணைப் புத்தகத்தைத் திறந்தேன். இரிடியம். எழுபத்து நாலு நாளில் பாதியாகும். என் குறிப்பேட்டில் முள் இறங்கிவந்த கணக்கும் அதற்கு அச்சாகப் பொருந்தியது.

சேற்றின் அடர்த்தியை அளக்க யாரும் இரிடியம் வைக்க மாட்டார்கள். அது இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த பின், பற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று ஊடுகதிர்ப் படம் எடுக்கப் பயன்படும் பொருள். படம் எடுக்கும்போது அதை ஒரு கம்பியின் நுனியில் கோத்து வெளியே தள்ளுவார்கள். கம்பி அறுந்தால் அங்கேயே விழுந்து கிடக்கும்.

பைப்பு போடுறாங்கல்ல, அங்க.



8

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டரிடம் இரண்டு காகிதங்களையும் வைத்தேன். அவர் மாறி மாறிப் பார்த்தார். "அன்றைக்கு உறுதியாகச் சொன்னீர்களே" என்றார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார். இரண்டு வாரத்தில் சுரங்கக் கம்பெனியின் காணாமல் போன கருவி, வேறொரு ஊரில் அவர்களுடைய கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது. சீசியம் பத்திரமாக உள்ளேயே இருந்தது. வழக்கைத் திரும்பப் பெற மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பினேன் என்று திருப்பி அனுப்பினார்கள். மலாயில் நிரப்பினால் எழுத்துப் பிழை என்றார்கள். குழாய்களைப் படம் எடுத்த ஒப்பந்தக்காரர்கள் வேலை முடிந்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். தங்கள் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதி அனுப்பினார்கள். குடுவையைத் தலைநகரிலிருந்து வந்து எடுத்துப் போனபோது அந்தப் பொருளின் வலிமை கால்வாசியாகியிருந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே, ராமையாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று எஸ்தர் சொன்னாள். அவள் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்று எழுத ஆசைதான். தெரியவில்லை.

லயத்து வாசலில் ஒரு தகர நாற்காலியை எடுத்துப் போட்டார். "உக்காருங்க சார். பசியாறிட்டீங்களா?"

"அண்ணே, தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மின்னழுத்தம், அளவுகோல், குன்று என்று நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"அப்ப அவ சொன்ன மாரியே சடக்கோரம்தானா?"

"ஆமாண்ணே."

"சொரங்கத்துல இல்ல?"

"இல்லண்ணே."

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நானும் அவள நம்பல சார். லாக்கப்புல, மிஷினே சொல்லுதுய்யா, ஒன் பொண்டாட்டி பொய் சொல்றான்னாங்க. அவ ஒருநா எனக்குச் சோறு கொண்டாந்தா சொரங்கத்துக்கு. அன்னிக்கு அங்கருந்து எடுத்துட்டாளோ, இப்ப பயந்துகிட்டு மாத்திச் சொல்றாளோன்னு நெனச்சிட்டேன். கைவெலங்கோட போயி நின்னேன்ல, அப்ப அவகிட்டயே கேட்டுட்டேன். உண்மையச் சொல்லுடின்னு. நான் வெளிய வரணும்ல, உண்மையச் சொல்லுடின்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல லா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அப்புறம் பேசவே இல்ல."

வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே, மனைக்கு அளவெடுத்து நட்ட சிவப்புக் குச்சிகள் நின்றன. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த எடத்துக்கு என்னய கூட்டிட்டுப் போறீங்களா சார்?"

9

அதே பகலில் இருவரும் பஸ் ஏறி ஜெலாப்பாங் போனோம். சரியான இடம் எது என்று எனக்கும் தெரியாது. குழாய் புதைத்த பள்ளம் மூடப்பட்டு அதன் மேல் புல் முளைத்துவிட்டது. தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டி, நல்ல வெயிலில், கால் மைல் நடந்தோம். ராமையா ஒவ்வொரு மதகுக்குப் பக்கத்திலும் நின்று கீழே பார்த்தார்.

சற்றுத் தள்ளி நாலு பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் தொப்பி, அதன் மேல் துண்டு. அவர்களில் ஒருவர் ராமையாவைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். மாரியாயி என்று பெயர். பாக்கியம் அக்காவோடு சேர்ந்து வேலை செய்தவர்.

"அண்ணே, பாக்கியத்துக்கு இப்பிடி ஆயிருச்சே அண்ணே. எங்க கேங்க மெங்லெம்பு பக்கம் மாத்திட்டாங்க, இப்பத்தான் திருப்பி இங்க விட்டாங்க. செத்துப்போச்சின்னே ஒரு மாசம் கழிச்சித்தான் தெரியும். நெருப்புக் காயம்னு சொன்னாங்க."

நான்தான் கேட்டேன். "அக்கா, அவங்க இங்க ஒரு சின்ன இரும்பு மாதிரி எதையாவது எடுத்தாங்களா, தெரியுமா?"

"ஆமா. அந்தா அந்த ரெண்டாவது மதகு. நான் பக்கத்துல நின்னேனே."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே. எங்கிட்ட காட்டுனாளே. ஏன் சார்?"

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் எங்கள் இருவரையும் குழப்பமாகப் பார்த்தார். "எங்கள யாரும் கேக்கலையே சார்."

கல்லூரியிலிருந்து அந்த இடத்துக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம். அவர்களை வேறு இடத்துக்கு மாற்றியது பாக்கியம் அக்கா படுத்த பிறகு மூன்றாவது வாரத்தில்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் அந்த அறையில், மிஷின் பொய் சொல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்த அன்று மாரியாயி இங்கேதான் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாரியாயி எங்களை அந்த மதகுக்கு அழைத்துப் போனார். எங்கே பாக்கியம் நின்றாள், எந்தப் பக்கம் குனிந்தாள், மண்ணை எப்படிக் கைலியில் துடைத்தாள், எப்படி மடியில் செருகிக்கொண்டாள் என்று தானே செய்து காட்டினார். ராமையா கண்ணிமைக்காமல் பார்த்தார். மாரியாயி முடித்ததும் அவர் அந்தப் புல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா சொல்லும்மா" என்றார்.

தூரத்தில் மேஸ்திரி கூப்பிடும் சத்தம் கேட்டது. மாரியாயி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மதகோரம் மறுபடி போய் நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.